கிங்ஸ்டன் முகவரி வேண்டாம், கயல்

அன்புள்ள கயலுக்கு,

நேற்றிரவு நீ போனில் சொன்ன கார் காப்பீட்டுப் பிரீமியத் தொகையைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மதுரையில் ஏழு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் கார் ஓட்டியவளை, கனடாவின் பிராம்ப்டனில் நேற்றுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவள் போல நடத்துகிறார்களே என்று கோபம்தான் வருகிறது. ஆனாலும் பிரீமியம் குறையும் என்று உன் தோழி சொன்னபடி கிங்ஸ்டனில் இருக்கும் அவள் அண்ணன் முகவரியைக் கொடுத்துவிடாதே. முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், கேள்.

உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் நீ குடியிருக்கும் பகுதியைப் பார்த்தும் பிரீமியம் போடுகிறார்கள். அந்த முறை எனக்கும் பிடிக்கவில்லை. அதற்காகப் பொய் முகவரி கொடுத்தால், விபத்துக்குப் பிறகு விசாரணையில் அது வெளியே வரும். உன் காருக்கு ஒரு டாலர் கிடைக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தையும் உன்னிடமே திருப்பிக் கேட்கலாம்.

திருமங்கலத்துக்காரர் ஒருவர், சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்த காரைக் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விட்டார். கார் புளியமரத்தில் மோதியது. வாடகை வாங்கியது, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயருக்குத் தெரிந்துவிட்டது. இழப்பீடு இல்லை என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் அதை இரண்டு முறை படித்தார். காரின் கடன் பாக்கி அப்படியே இருந்தது. வார இறுதியில் உணவு டெலிவரிக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்றாயே, அதையும் முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குப் பாலிசி தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதே. அங்கே புரோக்கர்களுக்கு உரிமம் கொடுப்பது ரிபோ என்ற அமைப்பு. அதன் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேசு. போலிப் பாலிசியோடு ஓட்டுவது காப்பீடே இல்லாமல் ஓட்டுவதுதான். முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 5,000 டாலரிலிருந்து 25,000 டாலர் வரை.

இன்னொன்று. நம் ஊரில் மூன்றாம் நபருக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால், நீதிமன்றம் சொல்லும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, கம்பெனி கொடுத்தாக வேண்டும். நீயும் அந்தப் பழக்கத்தில்தான் யோசிப்பாய். அங்கே பாலிசியில் எழுதிய தொகை வரைதான். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 2,00,000 டாலர். ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் அது எந்த மூலைக்கு? மிச்சத்துக்கு நீ பொறுப்பு. பத்து லட்சம் டாலருக்காவது எடு. பணத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. குளிர்கால டயர் நான்கும் மாட்டினால் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்கு.

உன் காரை விற்றபோது நோ கிளெய்ம் போனஸ் கடிதம் வாங்கி வைத்தேன். அந்த போனஸ் காரோடு போகாது, உரிமையாளருக்குச் சேர்ந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து இழப்பீடு கேட்காதவர்களுக்கான 50 சதவீதப் பிரீமியத் தள்ளுபடி என்று அதில் தெளிவாக இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் வெளிநாட்டு அனுபவத்தை ஏற்காது. ஏற்கும் கம்பெனி எது என்று புரோக்கரிடம் விடாமல் கேள். ஒருவர் இல்லையென்றால் அடுத்தவரிடம் போ. நீ ஓட்டிய ஏழு வருடமும் உன் சம்பாத்தியம், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

நம் உரிமம் அங்கே குடியேறியவர்களுக்கு 60 நாள்தான் செல்லும், உனக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டியதற்கு அத்தாட்சி காட்டினால், ஜி1 எழுத்துத் தேர்வு முடிந்ததும் நேரே முழு உரிமத்துக்கான ஜி ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அந்த அத்தாட்சிக்காக அப்பா இரண்டு முறை ஆர்டிஓ அலுவலகம் போய் வந்துவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும் என்றார்களாம். வாங்கியதும் போனஸ் கடிதத்தோடு சேர்த்து அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா