எருக்கம்பாலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சூரியனுக்கு உகந்த ரதசப்தமி வருகிறது. வழக்கம்போல ஆன்மிகப் பக்கத்தில் எருக்க இலைக் குளியல் பற்றி நாலு பத்தி போடுவீர்கள். தலையில் ஒன்று, தோளில் இரண்டு, முழங்காலில் இரண்டு, பாதத்தில் இரண்டு என்று ஏழு இலைக்கும் இடம் சொல்வீர்கள். பெண்கள் இலைமேல் மஞ்சள்பொடியும் அட்சதையும், ஆண்கள் அட்சதை மட்டும் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்துக் குளிக்க வேண்டும் என்பீர்கள். எல்லாம் சரி. இலைக்காம்பில் வடிகிற எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கபிஸ்தலம் பக்கம், காவிரிக் கரையிலிருந்து நாலாவது வீடு. எனக்கு 68 வயது. சின்ன வயதில் ரதசப்தமி என்றால் விடிவதற்கு முன் படித்துறைக்குப் போய்விடுவோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலையில் இலையை வைத்து அம்மா ஒரு அமுக்கு அமுக்குவாள். முங்கி எழுந்தால் இலை பத்தடி தள்ளி மிதந்து போய்க்கொண்டிருக்கும். இலையில் பால் இருந்தாலும் ஆறு கொண்டுபோய்விடும்.

இப்போது அந்த நாளில் ஆற்றில் தண்ணீர் இருப்பது நிச்சயமில்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடுவார்கள். ரதசப்தமியோ தை அமாவாசைக்குப் பிறகு வருகிற வளர்பிறை சப்தமி. 2024-ல் பிப்ரவரி 16, 2025-ல் பிப்ரவரி 4. நான் தண்ணீர் கேட்டு எழுதவில்லை. சம்பா அறுக்கிற நேரத்தில் வயல் காய்ந்தால்தான் அறுவடை மெஷின் இறங்கும். அது எனக்கும் தெரியும், எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. ஆனால் துறையில் கணுக்கால் அளவு தண்ணீரில் என்ன முங்குவது? எல்லாரும் பாத்ரூமுக்கு வந்துவிட்டோம். வாளி, பிளாஸ்டிக் மக். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன ரதசப்தமி செவ்வாய்க்கிழமை. பேரனுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூட வேன் வந்துவிடும் என்கிற அவசரம். கொல்லைக்குப் போய் அப்போதுதான் பறித்து வந்த இலை. காம்பு ஒடிந்த இடத்தில் பால் முத்து முத்தாக நின்றது, நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே அவன் தலையில் வைத்தேன், அதுவும் காம்பு நெற்றிப் பக்கம் இருக்கும்படி. முதல் மக் தண்ணீர் விட்டதும் எல்லாம் சேர்ந்து முகத்தில் வழிந்தது. கண்ணைக் கசக்கினான். “எரியுதாடா?” என்றேன். “இல்ல பாட்டி” என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. வலது கண்ணில் போர்டு பனி மூட்டமாகத் தெரிகிறதாம். கும்பகோணத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னைக்கு வீட்டுல ரதசப்தமியா?” கருவிழி வீங்கியிருந்தது. எருக்கம்பால் பட்டால் பல பேருக்கு வலியே தெரியாது, அதனால்தான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள், சில மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும் என்றார். பட்ட உடனே நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் வந்துவிட வேண்டுமாம். சொட்டு மருந்து போட்டு இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்த இரண்டு வாரமும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்குத்தான் தெரியும்.

மருமகள், “இனிமே எருக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் அத்தை” என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு விட மனசில்லை. அர்க்கம் என்றால் சூரியன், எருக்குக்கும் அதே பேர். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மரின் உடம்பு எரிச்சல் தணிய வியாசர் எருக்க இலையால்தான் மூடினார் என்று கதை. ஆடுதுறை பக்கத்தில் இருக்கிற சூரியனார் கோவிலில் தல விருட்சமே வெள்ளெருக்கு. வாசலில் தேர்க் கோலம் போட்டு, சர்க்கரைப் பொங்கலை வெயிலில் வைத்துப் படைத்துவிட்டு, இலையை மட்டும் விடச் சொன்னால் எப்படி?

அம்மா செய்ததை யோசித்துப் பார்த்தேன். அவள் முதல் நாள் சாயங்காலமே பறித்துவிடுவாள். காம்பைக் கீழே தொங்கவிட்டுப் பால் வடியவிட்டு, கழுவித் துடைத்துத் தட்டில் அடுக்கிவைப்பாள். காலையில் காம்பைக் கிள்ளக் கூடாது, கிள்ளினால் மறுபடி பால் வரும் என்று திட்டுவாள். அதெல்லாம் மடி ஆசாரம் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்காகத்தான் செய்தாள் போலிருக்கிறது. சில வீடுகளில் கண்மேலேயே இலை வைக்கிற வழக்கம் உண்டு. அவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்குத் தலை இலையின் காம்பு பிடரிப் பக்கம் இருக்கட்டும், முகத்தைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் விடுங்கள். இலையைத் தொட்ட கையால் கண்ணைத் தொட விடாதீர்கள். இதைத்தான் உங்கள் பக்கத்தில் போடச் சொல்கிறேன். இடம் போதாவிட்டால் ஏழு குதிரை பூட்டிய தேர்ப் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறை 2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அணை மூடும் நாளுக்கு முன்பே வந்துவிடுவதால் ஆற்றிலேயே முங்கலாம் என்று இருக்கிறேன். பேரனும் வருகிறேன் என்கிறான், நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால். மருமகளே வாங்கி வந்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கபிஸ்தலம், தஞ்சாவூர் மாவட்டம்.