பாதையில் நின்றே எடுக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானின் ஹொக்கைடோ லாவெண்டர் தோட்டங்களைப் பற்றி வந்த படக்கட்டுரை அருமை. ஆனால் 'நல்ல படம் வேண்டுமா, செடிகளுக்கு நடுவில் இறங்கி நில்லுங்கள்' என்று அதில் சொல்லியிருந்த யோசனையை ஏற்க முடியவில்லை.

கட்டுரையில் வந்த தொமிதா பண்ணையே ஒரு புகைப்படத்தால் பிழைத்ததுதான். 1958-இல் வாசனை எண்ணெய்க்காக அங்கே லாவெண்டர் போட ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் செயற்கை வாசனைப் பொருளும் இறக்குமதி எண்ணெயும் மலிவாக வந்ததும் வாங்க ஆளில்லை. அக்கம்பக்கத்தில் செடிகளை அழித்து உழுதுவிட்டார்கள். அந்த நேரத்தில், 1976-இல், ஜப்பான் தேசிய ரயில்வேயின் காலண்டரில் இந்த வயலின் படம் வந்தது. அப்புறம்தான் கேமராவும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இன்று பூக்கும் பருவத்துக்கென்றே அங்கு ஒரு தற்காலிக ரயில் நிலையம் திறக்கிறார்கள்!

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பியேய் ஊரின் கதை நேர்மாறு. விளைநிலத்தை ஒட்டி, சற்றே சாய்ந்து நின்ற ஒற்றைப் பாப்லர் மரத்துக்குத் 'தத்துவ மரம்' என்று பெயர். படம் எடுக்க வந்தவர்கள், சொல்லியும் கேட்காமல் பயிருக்குள் இறங்கினார்கள். மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது. 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரர் அதைச் சாய்த்துவிட்டார். மிதிபடுவது மட்டும் பிரச்சினை இல்லை. வெளியாட்களின் செருப்பில் ஒட்டிவரும் மண்ணோடு பயிர் நோயும் புழுவும் வந்துவிடும் என்பது அந்த ஊர் விவசாயிகளின் பெரிய பயம்.

சரி, இறங்காவிட்டால் படம் கெட்டுப்போகுமா? இறங்கினால்தான் கெடும். வரிசைக்கு நடுவில் நின்று மொபைலைத் தூக்கினால் பாதிப் படம் வெறும் மண்ணாகத்தான் இருக்கும். பாதையிலேயே குனிந்து, தூரத்துக் காட்சியைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸால் குறுக்கே பாருங்கள். இடைவெளி மறைந்து வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிட்டே போனால் வேறு சங்கதியும் தெரியும். கதிரில் எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் விரிவதில்லை. இரண்டு விரிந்திருந்தால் நான்கு வாடிப் பழுப்பாகத் தொங்கும். தூரத்தில் நாம் ரசிக்கும் ஊதாவில் பெரும்பங்கு மொட்டைப் பொதிந்திருக்கும் புல்லிவட்டத்தின் நிறம். அது எட்ட நின்றால்தான் எடுபடும். உச்சி வெயிலில் வெளுத்துப்போகும் என்பதால் மாலைதான் நல்லது; கிழக்கே நிற்கும் தொகாச்சி மலைத்தொடர் மீதும் அப்போது வெளிச்சம் விழும். (அதற்காக எடிட்டிங்கில் நாவல்பழ நிறத்துக்கு ஏற்றிவிட வேண்டாம். உங்கள் அட்டைப்படத்தின் மேல் எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு!)

ஜூலையில் அங்கே போகிற வாசகர்கள் கட்டுரையை நம்பி வயலில் இறங்கிவிடக் கூடாது. அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். இனி இப்படிப்பட்ட படங்களுக்குக் கீழே, எங்கே நின்று எடுத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.