நான்கு தாளுக்கு ஒரு நன்றி

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை மதியம் ஆட்டோவிலிருந்து இறங்கி, மெல்ல நடந்து, திண்ணையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடப்பதற்கு என்னைத் திட்டினார். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்த 12 நாளும் ராத்திரி பகல் பார்க்காமல் கூட நின்றவர்கள் நீங்கள்தானே. அதைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த 11 பேருக்கும் (அதில் 4 பேர் காலேஜ் பிள்ளைகள், ஒரு காபிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டார்கள்), அப்பாவின் எரிச்சலையெல்லாம் சிரித்தே தள்ளிய வார்டு நர்ஸ் அக்காமாருக்கும், மதுரை தெற்குவாசலிலிருந்து தினமும் தூக்குவாளியில் ரசமும் குழைந்த சோறும் அனுப்பிய அத்தைக்கும், காசை எண்ணிக்கூடப் பார்க்காத ஆட்டோ அண்ணனுக்கும், அழகர்கோவில் பக்கத்தில் தோப்பைப் பார்த்துக்கொண்ட சித்தப்பா மகன்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தனித்தனியாகச் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிக்கொள்கிறேன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பிரவுசிங் சென்டர் அண்ணன் என்றே இருக்கட்டும்.

ஒன்பதாம் நாள். அப்பாவுக்குப் பேச்சு வந்திருந்தது. ஆனால் “வீட்டுக்குப் போவோம்” என்பதைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். சாப்பாட்டைக் காட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது வராந்தாவிலேயே அப்பாவின் குரல் கேட்டது. நன்றாக ஏறிய குரல். நர்ஸிடம்தான் சண்டை போடுகிறார் என்று பதறி ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் நரைத்த தாடியோடு ஒருவர் கையில் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்து, “பத்துப் படியில்லப்பா, ஒம்பது. நான் அடிச்ச படி எனக்குத் தெரியாதா? அவன் அப்ப சின்னப்பய, அவனுக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். 2004-ல் நான் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இந்த அண்ணன் 7 கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். மணிக்கு 20 ரூபாய். தமிழில் வலைப்பதிவு எழுத ஆரம்பித்த காலம் அது. பிளாகர் 1999-லேயே வந்துவிட்டாலும், நம் ஆட்கள் வலைப்பூ என்பதா வலைப்பதிவு என்பதா என்று அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லார் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்ததும் அந்த வருஷம்தான். எழுத நினைத்ததை எழுதுவதைவிட, எழுதியது தமிழாகத் தெரிய வைப்பதுதான் பெரிய பாடு. ஒருவர் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் எழுதியிருப்பார், இன்னொருவர் யூனிகோடில். சுரதா என்பவர் செய்த பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிப் படிக்க வேண்டும். எனக்காகவே அண்ணன் மூலையில் இருந்த ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் தமிழில் தட்டச்சு செய்ய எ-கலப்பை மென்பொருளைப் போட்டு வைத்தார். என் நேரம் முடிந்தாலும் “எழுதி முடிங்க தம்பி” என்று கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்துவிடுவார்.

அங்கே உட்கார்ந்து நான் எழுதியவற்றில் ஒன்று, அப்பா எனக்காகக் கட்டிய பரணைப் பற்றியது. தோப்பில் கிளி, அணில், மலையிலிருந்து இறங்கும் குரங்கு எல்லாவற்றுக்கும் காவல் பரண் எப்போதும் உண்டு. 1989-ல் எனக்குப் பத்து வயதானபோது, ஒரு கல்லாமை மாமரத்தில் தனியாக ஒன்று கட்டித் தந்தார். மூங்கில் தளம், மேலே கிடுகு. அதில் அவர் கடைப்பிடித்த ஒரு விஷயம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது: தளத்தை மரத்தோடு கம்பியால் கட்டவே விடவில்லை. மரம் பெருக்கப் பெருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கும், கிளை பட்டுப்போகும். “ஆணின்னா ஒரு எடத்துல குத்தும். கம்பி கழுத்த நெரிக்கும்” என்பார். தேங்காய்நார்க் கயிறுதான், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார். காற்றில் கிளைகள் ஆடும்போது தளமும் கூடவே நெளியும், முறுக்கென்று ஒரு சத்தம் வரும். ஏறுவதற்கு மட்டும் அடிமரத்தில் கட்டைகளை ஆணியடித்துப் படி வைத்திருந்தார். பத்துப் படி என்று பதிவில் எழுதியிருந்தேன்.

அந்தப் பதிவு இப்போது எங்கும் இல்லை. வலைத்தளத்தை நடத்தியவர்கள் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டார்கள். சொல்லித்தான் செய்தார்கள், அந்த மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடியபோது முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. சரி, போனது போனதுதான் என்று விட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

அண்ணன் அதை அப்போதே பிரிண்ட் எடுத்து, ‘இங்கே தமிழில் எழுதலாம்’ என்று ஒரு அட்டையும் சேர்த்து மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்திருக்கிறார். நான் கவனித்த ஞாபகமே இல்லை. பிரிண்டர் மாட்டியிருந்ததோ பழைய விண்டோஸ் 98 மெஷினில். அதில் யூனிகோடு தமிழ் உடைந்துபோகும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். நான்கு தாளிலும் இடம் மாறிய ஒவ்வொரு கொம்பையும் நீலப் பேனாவால் அடித்து, சரியான இடத்தில் கையால் போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், முதல் தாளில் மட்டும் 63. மூலைகளில் பசைக் கறை, மூன்றாம் தாளில் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை. அந்தச் சென்டர் மூடி அது ஜெராக்ஸ் கடையாகி, அந்தக் கடையும் இரண்டு இடம் மாறி, இத்தனைக்கும் நடுவில் இந்த நான்கு தாள் தப்பிப் பிழைத்திருக்கிறது.

எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். ரத்தம் வேண்டுமென்று சுற்றிய வாட்ஸப் செய்தியில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். “என் குரூப் ஒத்து வரல தம்பி. சும்மா கைய வீசிக்கிட்டு வர முடியுமா? அதான் இதத் தேடி எடுத்தாந்தேன்” என்றார். நோய் என்ன, டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு செலவு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மிஞ்சிப்போனால் அரைமணி நேரம் இருந்திருப்பார். மீதியையும் வாசித்துக் காட்டினார். சங்கப் பாட்டில் தினைப்புனக் காவல் பரணுக்கு இதணம் என்று பெயர் உண்டு. அந்த வயதுத் திமிரில் பதிவு முழுக்க அந்தச் சொல்லையே போட்டுத் தாளித்திருந்தேன். “அது என்னடா எழவு இதணம்? பரண்னு எழுதுனா கை வலிக்குதா?” என்று அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அப்பா மூன்று இட்லி சாப்பிட்டார்.

அந்த அண்ணன் வந்ததால் குணமானது என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தும் நீங்கள் கொடுத்த ரத்தமும்தான் அவரைக் காப்பாற்றின. ஆனால் அந்த எட்டு நாளும் கட்டிலில் கிடந்தவர் ஒரு நோயாளி. ஒன்பதாம் நாள் என் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். இதற்கு எந்தக் கணக்கில் எப்படி நன்றி எழுதுவது என்று தெரியவில்லை, அண்ணே.

பழைய பரண் கிடுகும் மூங்கிலும் இற்று எப்போதோ விழுந்துவிட்டது. ஆடிக் காற்று அடங்கட்டும், அதே மரத்தில் திரும்பக் கட்டுகிறேன். கயிற்றால்தான். அப்பா கீழே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து குறை சொல்வார். அண்ணன் வந்து முதலில் ஏற வேண்டும்.

நேற்று தோப்புக்குப் போய், படி எத்தனை என்று பார்த்துவிட்டே வந்தேன். மரம் எவ்வளவு வளர்ந்தாலும் அடிமரத்தில் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயேதான் நிற்கும். ஆனால் பட்டை வீங்கி வந்து அதை விழுங்கிவிடும். கட்டைகள் ஒன்றும் இல்லை. கையால் தடவித் தடவி எண்ணினேன். ஏழு இடத்தில்தான் தழும்பு தட்டுப்பட்டது.

அப்பாவிடம் ஒன்பது என்று சொல்லியிருக்கிறேன். இதை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டுவதாக இருந்தால், மேலே அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிவிடுங்கள்.