விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

பாப்பாவின் கீழ் ஈறில் வெள்ளையாக ஏதோ நெருடுகிறது என்று எழுதியிருந்தாய். ஆறேழு மாதத்தில் கீழ் முன்பல் எட்டிப் பார்ப்பது வழக்கம்தான். சில பிள்ளைகளுக்கு ஒரு வயதுகூட ஆகும். பல் எப்போது வருகிறது என்பதைவிட, ராத்திரிப் பால் புட்டி எப்போது வாயை விட்டு வெளியே வருகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

விழித்திருக்கும்போது எச்சில் ஊறி ஊறிப் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கும். தூங்கிவிட்டால் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும். புட்டியைச் சப்பியபடியே பிள்ளை கண்ணயர்ந்தால் கடைசி வாய்ப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். வாயிலிருக்கும் கிருமிகள் அந்தப் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கி, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைக் கரைக்கும். பால்பல்லின் எனாமல் நம் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான், அதனால் சில மாதங்களிலேயே குழி விழுந்துவிடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். மேலே நான்கும் கரைந்து, கீழே பளிச்சென்று இருந்தால் பல் டாக்டர் முதலில் விசாரிப்பது ராத்திரிப் புட்டியைத்தான்.

ஆகவே பாப்பாவை மடியில் வைத்துப் பாலைக் கொடு. குடித்து முடித்ததும் புட்டியை எடுத்துவிட்டு, சுத்தமான மெல்லிய துணியை நனைத்து விரலில் சுற்றி ஈறையும் பல்லையும் துடைத்துவிட்டுப் படுக்க வை. வரிசை மாறக் கூடாது: பால், துடைப்பு, தூக்கம். பாலில் தண்ணீர் சேர்த்து ராத்திரிப் பழக்கத்தை மறக்கடிக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒரு வயதுக்கு முன்னால் அதைக் கேட்காதே. பவுடர் பாலின் அளவு மாறினால் சத்தும் குறையும், உடம்பின் உப்புச் சமநிலையும் கெடும். ஒரு வயதுக்குப் பிறகு அந்த வழி சரிதான். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடு. ஆறு மாதத்திலிருந்தே கப்பில் குடிக்கப் பழக்கினால் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் புட்டி தானாகப் போய்விடும்.

தாய்ப்பாலை இதற்காக நிறுத்திவிடாதே. ஒரு வயதுக்குமேல் ராத்திரி முழுக்கக் குடித்துக்கொண்டே தூங்குவதும், பகலில் வேறு இனிப்பு தின்று பல் துலக்காமல் இருப்பதும் சேரும்போதுதான் ஆபத்து.

ஜூஸ் ஒரு வயதுவரை வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் நாளைக்கு 120 மில்லிக்குமேல் வேண்டாம், அதுவும் சாப்பாட்டோடு, கப்பில். ஒரு கப் ஜூஸை ஒரே மூச்சில் குடித்தால் பல் ஒரு முறைதான் அமிலத்தில் நனைகிறது. அதையே மூன்று மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு திரிந்தால் எச்சில் அதைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. பிஸ்கட்டுக்கும் இதே கணக்குத்தான். சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பது இரட்டைத் தப்பு: பல்லுக்கும் கேடு, ஒரு வயதுக்குள் தேன் உயிருக்கே ஆபத்தான நஞ்சுக்கு வழிவிடலாம். மருந்து சிரப்பிலும் சர்க்கரை இருக்கும் என்பது பலருக்கு நினைவுக்கே வராது. ராத்திரி மருந்து கொடுத்தால் அதன் பிறகும் துடைத்துவிடு.

சூடு பார்க்க உன் வாயில் வைத்த ஸ்பூனைப் பாப்பாவுக்குக் கொடுக்காதே. சொத்தைக் கிருமி நம் எச்சில் வழியாகவும் அதன் வாய்க்குப் போகும். உனக்கோ மாப்பிள்ளைக்கோ சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதை அடைத்துக்கொள்ளுங்கள்.

பல் வெளியே வந்த நாளிலிருந்து பிரஷ். தலை சின்னதாக, நார் மெத்தென்று இருக்கட்டும். எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) உள்ள பேஸ்டை ஓர் அரிசி மணி அளவு மட்டும் தடவு. மூன்று வயதானபின் பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் பிள்ளை அத்தனையையும் விழுங்கும். பின்னால் முளைக்கும் பற்களில் வெள்ளைத் திட்டு விழ அது ஒரு காரணம். பாப்பாவின் தலை உன் மடியில், கால் மாப்பிள்ளை பக்கம் இருக்கும்படி இருவரும் முட்டியோடு முட்டி உட்காருங்கள். ஒரு விரலால் மேலுதட்டைத் தூக்கி, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் மெல்லத் தேய். அழுதால் பதறாதே, வாய் நன்றாகத் திறக்கும், வேலை சுலபம். நாளைக்கு இரண்டு தடவை. காலையில் ஒருநாள் தவறினாலும் ராத்திரி தவறக் கூடாது.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி ஈறோரம் பார். சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்தக் கட்டத்தில் பல் டாக்டர் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் பூசி, நீ பழக்கத்தையும் திருத்தினால் பல் மீண்டுவிடும். பழுப்பாகிக் குழி விழுந்தபின் மீளாது. கோடு தெரியவில்லை என்றாலும் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடு.

‘விழப்போகிற பல்தானே’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. பின்பக்கப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடியிலிருந்து வரும் பல் கோணலாகும். வேரில் சீழ் வைத்தால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லும் பழுதாகலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது மடியில் கிடத்தித் துடைப்பதை ஒரு தடவை செய்து காட்டு. விரல் எங்கே படுகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா