நீ தைத்த சட்டை வந்திறங்கும் துறைமுகம்

ராட்டர்டாம், நெதர்லாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறேன். இன்று விடுமுறை, அதனால் நிதானமாக எழுதுகிறேன். "நாங்கள் தைக்கிறதெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். இத்தனை வருடமாக நீ மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாய். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்று அந்த வரியைப் படித்தபோதுதான் உறைத்தது.

துறைமுகம் என்றதும் நீ நினைப்பது போல் இது ஒரு கரையும் நாலு கப்பலும் இல்லை. ஆற்றங்கரையோடு 40 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. கடைசிப் பகுதி, கடலில் மணலைக் கொட்டி உண்டாக்கிய நிலம். அங்கேதான் எனக்கு வேலை. வட கடலின் காற்று ஓயாமல் அடிக்கும். அது மிஞ்சிப்போனால் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள். 1962 முதல் நாற்பது வருடத்துக்கும் மேல் உலகத்திலேயே பெரிய துறைமுகம் இதுதான். பிறகு ஆசியத் துறைமுகங்கள் முந்திவிட்டன. ஐரோப்பாவில் இன்றும் இதுதான் முதலிடம்.

கப்பலில் எந்தக் கண்டெய்னரை எங்கே அடுக்குவது என்று முன்கூட்டியே திட்டம் போடுவது என் வேலை. கனமானவை அடியில் போக வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இறங்குவது மேலே இருக்க வேண்டும். குளிரூட்டிய பெட்டிக்கு மின் இணைப்புள்ள இடம் பார்க்க வேண்டும். தீப்பற்றக்கூடிய சரக்கைத் தள்ளி வைக்க வேண்டும். கணக்கு தப்பினால் கப்பலே சாயும். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண், எடை, போக வேண்டிய துறைமுகம், இவ்வளவுதான் என் திரையில் தெரியும். உள்ளே சட்டையா, செருப்பா, நாற்காலியா என்று தெரியாது. உன் கை பட்ட துணி எத்தனை முறை என் கண்முன்னே கடந்து போயிருக்கும்! நான் அதை ஓர் எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன்.

என் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவயதில் இதே துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அப்போது ஒரு கப்பலைக் காலி செய்ய ஒரு வாரம் ஆகுமாம். சாக்கு, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி இறக்க வேண்டும். அதை மாற்றியது இந்தக் கண்டெய்னர்தான். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 அலுமினியப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன காலத்தில், பெட்டியில் ஏற்ற 16 சென்ட்தான் ஆனது. உன் சட்டை கடல் தாண்டி வந்தும் இங்கே மலிவாக விற்கிறதென்றால், அதற்கு உன் கூலி குறைவு என்பது ஒரு காரணம், இந்தப் பெட்டி இன்னொரு காரணம்.

அதே பெட்டிதான் அந்தப் பெரியவரின் வேலையையும் கொண்டுபோனது. இப்போது என் டெர்மினலில் வண்டிகள் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகின்றன. கிரேனை இயக்குபவர் அதில் ஏறுவதே இல்லை, அலுவலகத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். 2016 ஜனவரியில் வேலை போய்விடுமோ என்ற கவலையில் இங்குள்ள தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் திராட்சை மது செய்யட்டும், மாற்றிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்று 1817-இல் டேவிட் ரிக்கார்டோ எழுதினார். கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு வரும் லாபம் கீழ்வீட்டுப் பெரியவரின் கைக்கு வந்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஐம்பது வயதில் மூட்டை தூக்கியவரை வேறு தொழிலுக்குப் போ என்றால் எங்கே போவார்?

இதைச் சொன்னதால் நான் வணிகத்தை வெறுப்பதாக நினைக்காதே. நாடு நாடாக எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கட்டுப்படுத்திய கோட்டா 2004 டிசம்பரோடு முடிந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆர்டர் குவிந்து, நீ ஓவர்டைம் பார்த்த அந்தப் பணத்தில்தான் நான் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். 1990-க்கும் 2015-க்கும் இடையில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கிக் கணக்கு சொல்கிறது. எல்லாமே வணிகத்தால் வந்ததில்லை, ஆனால் அதன் பங்கு பெரிது. அந்த நூறு கோடியில் நம் வீடும் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

ஆனாலும் இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது தெரியுமா? 2021 மார்ச் 23-இல் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. அது வந்துகொண்டிருந்தது இந்த ராட்டர்டாமுக்குத்தான். ஆறு நாளில் விடுவித்தார்கள். இழப்பீட்டு வழக்கில் எகிப்து பிடித்து வைத்ததால் இங்கே வந்து சேர்ந்தது ஜூலை கடைசியில். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஆரம்பித்தன. நாங்கள் போட்ட திட்டத்தையெல்லாம் அழித்து அழித்து எழுதினோம். அந்தச் சமயத்தில் உங்கள் ஆலையில் 'சரக்கு தாமதம்' என்று அவசரப்படுத்தியிருப்பார்கள். பத்து நாள் கடலில் போனால், அதை உன் தையலில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ராணா பிளாசா நினைவு வருகிறது. 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. தைப்பவர்களை மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் அதே பகுதியில் இன்னோர் ஆலை தீப்பிடித்து, வெளியே போகும் வழி பூட்டியிருந்ததால் நூறு பேருக்கும் மேல் செத்தார்கள். பிறகுதான் பெரிய துணி நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளைப் பொறியாளர்கள் சோதித்தார்கள். வாங்குகிறவனையும் பொறுப்பாளியாக்க முடியும் என்பது அதில் தெரிந்தது. ஆனால் அதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்ததே, அதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இங்கிருந்து ஆசியாவுக்குத் திரும்பும் பெட்டிகளில் நிறைய காலியாகவே போகின்றன. அவற்றைத் திட்டத்தில் அடுக்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது: நீ தைக்கிற மாடியின் பின்பக்கப் படிக்கட்டுக் கதவு வேலை நேரத்தில் திறந்திருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கிறது?

உன் தம்பி