பழைய கெஸ்ட் புக்கை அழிக்கும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலையில் டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று தட்டச்சு செய்து பிழைக்கிறவள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் இதே கடை பிரவுசிங் சென்டராக இருந்தது. அந்தக் காலத்துச் சமாச்சாரம் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் பத்திரிகையை மாவட்டம் முழுக்க ஊர்ச் சங்கச் செயலாளர்கள் படிக்கிறார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் ஒரு சங்கம் உண்டு. சவூதிக்கும் மஸ்கட்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் பணம் அனுப்பி அதற்கு இணையதளமும் போட்டார்கள். இப்போது அவற்றைப் புதுப்பிக்கும் சீசன். எங்கள் சங்கமும் ஒரு நிறுவனத்திடம் விலைப்புள்ளி வாங்கியிருக்கிறது. அதில் ‘பழைய பக்கங்களை நீக்குதல்’ என்று ஒரு வரி. எந்தப் பக்கங்கள் என்று விசாரித்தேன். உறுப்பினர்கள் தாங்களே போட்ட பக்கங்களும், ஒவ்வொன்றின் அடியிலும் வந்து பார்க்கிறவர்கள் எழுதிவிட்டுப் போக அவர்கள் வைத்த கெஸ்ட் புக்குகளும்தானாம். “அதுல என்னக்கா இருக்கு, எல்லாம் ‘சூப்பர் சைட், வாழ்த்துகள்’தானே” என்றார் செயலாளர் தம்பி. அவர் அவற்றைத் திறந்து பார்த்ததே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது, சங்கம் தளம் தொடங்கியபோது அவர் நாலாம் வகுப்பு.

ஆகவே இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்குத் தளம் தொடங்கியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உறுப்பினராகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தளத்தில் கொஞ்சம் இடம் கொடுத்து, ‘உங்கள் இஷ்டப்படி பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் இடம் வாங்கினார்கள். ஒரு குடும்பம், ஓர் எஸ்.எஸ்.எல்.சி. பேட்ச், சிலம்பக் களம், கடலோர ஊர் ஒன்றின் கால்பந்து அணி. பக்கத்தில் நாலு போட்டோ, இரண்டு பத்தி. அதோடு விஷயம் தீர்ந்துவிடும். கீழே கெஸ்ட் புக் வைத்தால்தான் ஆட்கள் திரும்ப வருவார்கள். எங்கள் கடையில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்த பையன்கள் பாதி நேரம் இதைத்தான் செய்தார்கள்.

கெஸ்ட் புக் வைக்க இரண்டு வழி இருந்தது. பிரேவ்நெட் போன்ற இலவசச் சேவையில் பெயரைப் பதிந்து, அவர்கள் தரும் நாலு வரியை நம் பக்கத்தில் ஒட்டிவிடலாம். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் வருகிறவர்கள் எழுதுவதெல்லாம் அவர்களுடைய கணினியில்தான் சேரும். விளம்பரமும் கூடவே வரும். இன்னொரு வழி, மேட் ரைட் என்ற அமெரிக்க இளைஞர் 1990-களில் இலவசமாகக் கொடுத்த, பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை இறக்கி, நம் தளத்தின் சிஜிஐ-பின் என்ற அடைவில் போட்டு, அது ஓடுவதற்கு 755 என்ற எண்ணில் அனுமதி கொடுப்பது. யாராவது எழுதியதும் அந்த நிரல் நம் பக்கத்தைத் திறக்கும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கும் ‘பிகின்’ என்ற குறிப்பு வரியைத் தேடிப் பிடித்து, அதன் கீழே புதுப் பதிவைச் சொருகும். பூவும் பட்டாம்பூச்சியும் வைத்துப் பக்கத்தை அலங்கரிக்கப் போய் அந்த ஒரு வரியைத் துடைத்துவிட்டவர்கள் அநேகம். “ஒருத்தரும் எழுத மாட்டேங்காங்களே” என்று மஸ்கட்டிலிருந்து போன் வரும். வரியைத் திரும்ப வைத்துக் கொடுப்பேன்.

கையால் போட்ட கெஸ்ட் புக் என்பதால் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பெயர், ஊர், ஈமெயில், கருத்து என்ற நாலு கட்டம் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் கேட்க நினைத்ததைக் கேட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பேட்ச்காரர்கள், ‘எந்த பெஞ்ச்?’ குடும்பப் பக்கத்தில், ‘எந்த வழியில் சொந்தம்?’ கால்பந்து அணியில், ‘எந்த இடத்தில் ஆடுவீர்கள்?’ சொந்தம் கேட்ட பக்கத்தில் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் மூன்று நாட்டிலிருந்து எழுதி, யார் யாருக்கு என்ன முறை வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைப் படித்தால் அந்தக் குடும்பத்துக் கிளைகள் முழுவதும் விளங்கிவிடும்.

செயலாளர் தம்பி சொன்ன ‘வாழ்த்துகள்’ நிறையவே உண்டு, மறுக்கவில்லை. அவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் என் வழக்கு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டதா என்று ஒருவர் கேட்பார். பேச்சிப்பாறை அணை திறந்தாச்சா, கால்வாயில் தண்ணி வந்ததா என்று இன்னொருவர். குலசேகரம் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு என்ன விலை போகிறது, சாளை மீனுக்கு இப்போது சீசனா, ரப்பர் ஷீட் விலை ஏறியதா இறங்கியதா? கேட்டவருக்கு அடுத்த நாளோ அடுத்த வாரமோ முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருப்பார். தேதி தானாக விழுந்துவிடும். தளத்தின் முகப்பில் இருந்த தலைவர் உரையும் செயலாளர் உரையும் எந்த ஊர்ச் சங்கத்துக்கும் பொருந்தும். இந்தக் கேள்விகள் நம் ஊர்க்காரன் ஒருத்தனால்தான் கேட்க முடியும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியுமா? குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று கடலோரம் சிதைந்தது. மணக்குடிப் பாலமே உடைந்து போயிற்று. ஊருக்கு போன் போட்டால் லைன் கிடைக்காது. வெளிநாட்டில் இருந்தவர்கள் இணையத்தில் ஊர்ப் பெயரை அடித்துத் தேடி, எந்தப் பக்கம் வந்ததோ அதில் எழுதினார்கள். அந்தக் கால்பந்து அணியின் கெஸ்ட் புக் அப்படி நிரம்பியது. ‘எந்த இடத்தில் ஆடுவீர்கள்?’ என்ற கட்டத்தில், ‘குருசடிக்கு மேற்கே மூணாவது வீடு’, ‘வலைக்கூடம் தாண்டி ஓட்டு வீடு’ என்று வீட்டு அடையாளம் போட்டிருந்தார்கள். கருத்து என்ற கட்டத்தில் ஆட்களின் பெயர்கள் மட்டும். அணிப் பையன்கள் கடைக்கு வந்து அதைத் தாளில் எழுதிக்கொண்டு பைக்கில் போவார்கள். திரும்பி வந்து ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் அடிப்பார்கள். சில பதில்களை யார் அடிப்பது என்று அவர்களுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதிலுள்ள பெயர்களை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

பிறகு கெஸ்ட் புக்குகள் கெட்டுப்போனதும் உண்மை. மாத்திரை, சூதாட்டம், கள்ளக் கைக்கடிகாரம் என்று எந்திரங்கள் எழுதிக் குவித்தன. ஒரு தளத்துக்கு எத்தனை இடங்களிலிருந்து இணைப்பு வருகிறது என்பதைப் பார்த்துத் தேடுபொறிகள் வரிசைப்படுத்தின. அதற்காகத்தான் இந்தக் குப்பை. 2005 ஜனவரியில் கூகுளும் யாகூவும் எம்.எஸ்.என்.-னும் சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு சொல் சேர்த்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தும் நிற்கவில்லை. பழைய நிரலில் எழுதுகிறவர் மனிதரா என்று சோதிக்க வழியே கிடையாது. ஆட்களும் அன்றைய சமூக வலைத்தளமான ஆர்குட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆர்குட்டும் 2014-ல் மூடப்பட்டது. ஆட்கள் இலவசமாகச் சொந்தப் பக்கம் போட்டுக்கொண்ட ஜியோசிட்டீஸ் என்ற தளத்தைக் காசு கொடுத்து வாங்கிய யாகூ, அதை 2009-ல் மூடியபோது, முன்பின் அறியாத தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கி வைத்ததால்தான் ஓரளவாவது மிஞ்சியது. நம் ஊர்த் தளத்துக்கு அப்படி யார் வருவார்கள்? நாமேதான்.

சங்கங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: புதுத் தளம் தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் உறுப்பினர்களின் கெஸ்ட் புக்குகளை அப்படியே எடுத்து வையுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை. எல்லாம் வெறும் எழுத்து. ஒரு கல்யாண வீட்டு வீடியோ பிடிக்கிற இடத்தில் ஒரு மூலைகூட வேண்டாம்.

ஆனால் தளம் செய்து தரும் நிறுவனத்திடம் “பேக்கப் எடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. அவர்கள் எடுப்பது நம் தளத்தில் உள்ள கோப்புகளை. பெர்ல் நிரல் வைத்தவர்களின் பதிவுகள் அதில் வந்துவிடும். பிரேவ்நெட் மாதிரிச் சேவைகளில் வைத்தவர்களின் பதிவு ஒன்றுகூட வராது. அது வேறு முகவரியில் கிடக்கிறது. பக்கத்தைத் திறந்து, ‘கெஸ்ட் புக்கைப் பார்க்க’ என்ற இணைப்பை அழுத்தி, கடைசிப் பக்கம் வரை ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ்காரர்களிடம் எல்லாம் இருக்கும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். நான் தேடிப் பார்த்தவற்றில் பெரும்பாலும் முதல் பக்கம்தான் கிடைத்தது.

கமிட்டியில் இன்னொரு குரல்: “எல்லாம் பழுதாகிவிட்டது, திறந்தால் கிறுக்கலாக வருகிறது.” இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன், எழுத்துருக்களோடு குடித்தனம் நடத்துகிறவள். பழுது ஒன்றும் ஆகவில்லை. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறை பரவலாகும் முன் எழுதியவை அவை. அன்று ஆளுக்கொரு எழுத்து முறை: ஒருவர் திஸ்கியில் அடித்தார், ஒருவர் டாப், ஒருவர் பாமினி. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினியின் ‘அம்மா’, ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்றுதான் தெரியும். திஸ்கி என்றால் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். எது எது என்று கண்டுபிடித்துவிட்டால் மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே கெஸ்ட் புக்கில் மூன்று விதமும் கலந்திருக்கும் என்பதால் பதிவு பதிவாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் சிரமம். எந்த ஊர்ச் சங்கமானாலும் கோப்பைக் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். தயவுசெய்து கல்யாண முகூர்த்த மாதங்களில் மட்டும் வராதீர்கள்.

விளம்பரக் குப்பையை நீக்கலாமா என்று கேட்கிறார்கள். மூலப் பிரதியில் கை வைக்க வேண்டாம். இன்னொரு பிரதி எடுத்து அதைச் சுத்தம் செய்யுங்கள்.

அந்தரங்கம் பற்றிய பயமும் நியாயமானதே. அன்று பயமில்லாமல் ஈமெயில், வெளிநாட்டில் தங்கியிருந்த கேம்ப் முகவரி, வீட்டு போன் எண் எல்லாம் எழுதினார்கள், பெண்பிள்ளைகள் உட்பட. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்துவிட்டது. பொதுவில் வைக்கும் பிரதியில் எண்களையும் முகவரிகளையும் மறைத்துவிடுங்கள். ‘என் பதிவை எடுத்துவிடுங்கள்’ என்று யாராவது கேட்டால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியதை இன்று யாரும் பார்க்க வேண்டாம் என்று ஒருத்தி நினைத்தால் அது அவள் இஷ்டம். சுனாமி நாட்களின் பதிவுகளை அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் பொதுவில் வைக்கவே கூடாது.

இப்படிச் சுத்தம் செய்ததை நல்ல தாளில் அச்சடித்து பைண்ட் செய்து, ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி, நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். பென் டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன் என்பதை நான் பாதுகாப்பாக எண்ணுவதில்லை. கடைக்கு வரும் பென் டிரைவ்களின் கதி எனக்குத் தெரியும்.

“வாட்ஸ்ஆப் குரூப் இருக்கும்போது கெஸ்ட் புக் எதற்கு?” என்பார்கள். குரூப்பில் நேற்றுக் கேட்ட மழைக் கேள்வி இன்றைய குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. வெளியே இருக்கிற ஒருவன் வந்து எழுதவும் முடியாது. புதுத் தளத்திலும் உறுப்பினர்கள் தங்கள் பக்கத்துக்குத் தாங்களே கெஸ்ட் புக் வைத்துக்கொள்ள இடம் கொடுங்கள். எழுதியதைப் பக்கத்துக்காரர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி வைத்தால் எந்திரக் குப்பைக்கு வேலை இல்லை.

எதைச் செய்வதானாலும் முதலில் ஒன்றை விசாரியுங்கள்: உங்கள் தளத்தின் ஹோஸ்டிங் கணக்கும் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கின்றன, அடுத்த பணம் கட்ட வேண்டிய தேதி என்ன? எங்கள் சங்கத்தில் அது நடப்பு நிர்வாகிகள் ஒருவரிடமும் இல்லை. முன்னாள் பொருளாளர் ஒருவர் குவைத்தில் இருக்கிறார். இத்தனை வருஷமாகத் தன் கைக்காசைப் போட்டுப் புதுப்பித்து வந்திருக்கிறார். கேட்டதும் அனுப்பிவிட்டார். கமிட்டி கூடும்முன் இறக்கி முடிக்க வேண்டும் என்று நானும் அந்த அணியின் பழைய கோல்கீப்பரும் மத்தியானங்களில் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி. பேட்ச் வரை வந்தாயிற்று.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரி,
தக்கலை.