நடுவரைக் கோபிப்பதில் நியாயமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன் கம்மலையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்லும் நடுவர்மீது பெற்றோர் சீறுவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. கம்மலின்மேல் பிளாஸ்திரி ஒட்டினால் போதும் என்பார்கள். ஆனால் மீள்பந்துக்குத் (கூடைக்குள் விழாமல் திரும்பிவரும் பந்துக்குத்) தாவிய ஒரு மாணவியின் காதில் எதிரணியினரின் முழங்கை இடித்து, பிளாஸ்திரிக்கு அடியிலிருந்த திருகாணி காதின் பின்புறத் தோலைக் கிழித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விதிகள் இரக்கமற்றவையும் அல்ல. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகள் சமயப் பதக்கத்தையும் மருத்துவ எச்சரிக்கைப் பதக்கத்தையும் நகையாகக் கருதுவதில்லை; இரண்டையும் உடலோடு ஒட்டி அணிய இடம் தருகின்றன. சமயப் பதக்கம் சீருடைக்குள் இருக்க வேண்டும்; மருத்துவப் பதக்கம் வெளியே தெரியலாம். தலைத்துணி விஷயத்தில்தான் உலகம் தாமதித்தது: 2014 ஆசிய விளையாட்டில் ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் மகளிர் அணி விலக நேர்ந்தது, பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இல்தான் தலைத்துணியைத் தடுத்த விதியைத் திருத்தியது.

எனவே, எது கூடும், எது கூடாது என்பதைப் பயிற்சியாளர்கள் பருவத்தின் முதல் பயிற்சி நாளிலேயே மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எழுத்தில் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் காது குத்த நினைப்பவர்கள், ஆட்டப் பருவம் முடியும்வரை அதைத் தள்ளிவைப்பது நல்லது.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்